மெத்தைக்கடை மாடியில் முடிந்த ரிவ்யூ

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி, எங்கள் டெஸ்டிங் குழுவை மொத்தமாகத் தூக்கிப் பழைய மகாபலிபுரம் சாலையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பட்டாபிராமிலிருந்து அங்கே தினமும் போய் வருவதென்றால் பாதி ஆயுளை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும். கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டேஷன் வரைக்கும் போனவள், வந்த ரயிலில் ஏறாமல், இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். என் கணவர் மாவுப் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உட்டுட்டியா?" என்றார்.

"உட்டுட்டேன்" என்றேன்.

அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

முதல் சில வாரங்கள் சுகமாகத்தான் இருந்தன. பிறகு பீரோவை அடுக்கினேன். சமையலறை அலமாரியை அடுக்கினேன். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். பெண் பள்ளிக்கும் கணவர் ஷிப்டுக்கும் போன பிறகு வீட்டில் ரயில் சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். இத்தனை வருஷமாக அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே சாப்பிட்டவள் நான். கைக்கு அந்த வேலை இல்லாமல் போனதும் வீட்டில் இருக்கிறவர்களிடம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். டிபன் பாக்ஸ் ஒரு பக்கமும் மூடி ஒரு பக்கமும் ஏன் கிடக்கிறது, துண்டை ஏன் கதவில் போடுகிறீர்கள் என்று. ஒரு நாள் என் கணவர், இவ்வளவு திறமையையும் குடும்பத்துக்கே கொடுத்துவிடாமல் வெளியாட்களுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அப்படித்தான் ஒரு வெர்ஷன் கன்ட்ரோல் டூலின் மெயில் குழுவில் சேர்ந்தேன்.

வெர்ஷன் கன்ட்ரோல் டூல் என்பது புரோகிராம் எழுதுகிறவர்கள் தினமும் தொடுகிற சாமான். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று அது ஞாபகம் வைத்திருக்கும். இன்றைக்குச் சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து அதை எழுதுகிறார்கள். பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மாற்றம் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அதைக் குழுவுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் படித்துக் குறை சொல்வார்கள், அதற்குப் பெயர் ரிவ்யூ. திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும், அது அடுத்த வெர்ஷன். யாருக்கும் குறை சொல்ல எதுவும் இல்லாமல் போகிற நாளில், பொறுப்பாளர் அதை எடுத்து டூலில் சேர்ப்பார்.

டூலை எழுதுகிறவர்களுக்கு ரிவ்யூ செய்யப் பலர் போட்டி போடுவார்கள். அதோடு கூடவே இருக்கிற டெஸ்ட் ஸ்கிரிப்ட்களைப் படிக்கத்தான் ஆள் கிடையாது. கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்லில் எழுதிய சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் அவை. டூலுக்கு ஒரு கட்டளை கொடு, வருகிற பதிலை வர வேண்டிய பதிலோடு ஒப்பிடு, இரண்டும் ஒன்றாக இருந்தால் 'ஓகே' என்று போடு. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் டெஸ்ட்டே பொய் சொல்லலாம் என்பது டெஸ்டிங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். டூல் உடைந்து கிடந்தாலும் 'ஓகே' என்று சொல்லிக்கொண்டே இருக்கிற டெஸ்ட்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், சொத்தையைப் பொறுக்குவதைப்போல, நேரம் போவதே தெரியாது.

அதிகமாகக் கண்ணில் பட்ட தப்பு பைப். ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்கிறபடி இரண்டு கட்டளைகளைப் பைப் போட்டுக் கோர்த்தால், ஷெல் கடைசியில் இருப்பது என்ன சொல்கிறது என்று மட்டும்தான் பார்க்கும். முன்னால் ஓடுகிற நம் டூல் பாதியில் செத்து விழுந்தாலும், பின்னால் இருக்கிற கட்டளை 'எல்லாம் நல்லபடி' என்று முடித்துவிட்டால், டெஸ்ட் பாஸ். அதனால் டூல் தருகிற பதிலை முதலில் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அந்த ஃபைலைப் பார்க்க வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்கு எழுதிவிட்டேன். குழுவில் என்னைப் 'பைப் வேண்டாம்' ஆள் என்றே ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் வெயில் தொடங்குகிற நேரத்தில் புதிதாக ஒருவர் குழுவுக்கு வந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும். பழைய டெஸ்ட் ஸ்கிரிப்ட்களை ஒழுங்குபடுத்தி ஒரு கட்டாக அனுப்பியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பைப் இருந்தது. என் வழக்கமான பாட்டை எழுதினேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. இஸ்திரி போட்ட இங்கிலீஷ். நான் சுட்டிக்காட்டிய இடங்களில் எல்லாம் மாற்றியாயிற்று, ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றவில்லை, காரணம் கீழே கொடுத்திருக்கிறேன், ரிவ்யூ செய்தவர் தயைகூர்ந்து மறுபரிசீலனை செய்யலாம். அந்த 'தயைகூர்ந்து' எனக்குச் சுர்ரென்றது. மறுபடி எழுதினேன். அவர் மறுபடி எழுதினார். மூன்றாவது வெர்ஷனில், ஒரு குறிக்குப் பிறகு வெற்றிடம் விடக்கூடாது என்ற விதியை எடுத்துப் போட்டேன். அதற்கு வந்த பதிலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விதி சரியானது, உடனே திருத்துகிறேன், அதே ஃபோல்டரில் ரிவ்யூ செய்தவர் தாமே எழுதிய ஸ்கிரிப்ட்டிலும் அதே வெற்றிடம் இருப்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். இருந்தது.

அவருடைய மெயில்களில் நேரம் லண்டன் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. இங்கிலீஷும் அப்படி இருந்ததால், ஆள் லண்டன் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கோட் போட்ட, மூக்குக் கண்ணாடி நுனி மூக்குக்கு வந்த, ஓய்வுபெற்ற ஒரு மனிதர். எனக்கு முகம்கூடத் தெரிந்தது. என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, நான் தட்டை வைக்கிற வேகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

"இன்னா, இன்னைக்கும் லண்டன்காரன் பதில் போட்டுட்டானா?" என்பார்.

போட்டுவிட்டான் என்று ஆரம்பித்து, அந்த ஓர் இடத்துப் பைப்பைப் பற்றி ரசம் ஆறுகிற வரைக்கும் சொல்லுவேன். அவர் லேத் மெஷினில் வேலை செய்கிறவர். ஒன்றும் புரியாவிட்டாலும் நியாயம் என் பக்கம்தான் என்று ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்வார்.

ஏழாவது வெர்ஷனில் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. நான் சொன்னபடி மாற்றிய ஒரு டெஸ்ட், தன்னுடைய மெஷினில் ஃபெயில் ஆகிறது என்று லண்டன்காரர் எழுதினார். என் மெஷினில் ஓட்டினேன், பாஸ். குழுவில் இன்னும் இரண்டு பேர் ஓட்டிப் பார்த்து, அவர்களுக்கும் பாஸ் என்றார்கள். உங்கள் மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நான் எழுதினேன். கோளாறு இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று எழுதி, ஓட்டியபோது திரையில் வந்தது முழுவதையும் அப்படியே அனுப்பினார். நீளமான லாக். அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, லேப்டாப்பைச் சமையல் மேடையிலேயே வைத்துக்கொண்டு மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன்.

நடுவில் ஓர் இடத்தில் ஃபோல்டரின் பெயர் வர வேண்டும். அந்த இடத்தில் எழுத்துகளே இல்லை. சாய்கோடும் எண்ணுமாக ஒரு நீளமான வரி. \340\256 என்று ஆரம்பித்து, \340\256, \340\257 என்று திரும்பத் திரும்ப வந்தது.

டூலின் பழக்கம் அது. ஃபோல்டர் பெயரிலோ ஃபைல் பெயரிலோ இங்கிலீஷ் அல்லாத எழுத்து வந்தால், எழுத்தைக் காட்டாமல் அதற்கான எண்களைப் போட்டுவிடும். வேறு யாராக இருந்தாலும் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். அம்பத்தூர் கம்பெனியில் ஒரு முழு மழைக்காலம் தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களோடு மாரடித்தவள் நான். \340\256, \340\257 என்ற ஜோடிகள் எனக்கு அத்துப்படி. தமிழ் எழுத்து எல்லாம் இந்த இரண்டில் ஒன்றை முன்னால் போட்டுக்கொண்டுதான் வரும்.

லண்டன்காரரின் ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தது.

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, அந்த எண்களை மறுபடி எழுத்தாக்கினேன். கட்டளை ஒரு நொடிதான் எடுத்தது. திரையில் வந்தது: 'பூந்தமல்லி கடை'.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவரிடம் எதைச் சொல்ல? சோறு பொங்கிவிட்டது என்று சொன்னேன். உண்மையிலேயே பொங்கிவிட்டிருந்தது.

ஃபெயில் ஆனதற்குக் காரணமும் கூடவே விளங்கிவிட்டது. டெஸ்ட், ஃபோல்டர் பெயரை எழுத்தாக எதிர்பார்க்கிறது, டூல் எண்ணாகக் கொடுக்கிறது. எங்கள் எல்லாருடைய ஃபோல்டர் பெயரும் இங்கிலீஷில் இருந்ததால் யாருக்கும் இது தெரியவில்லை. மெஷினில் கோளாறே இல்லை. டெஸ்ட்தான் தப்பு. குழுவுக்கு இதை இங்கிலீஷில் முறையாக எழுதி அனுப்பினேன். பிறகு அந்த இரண்டெழுத்துக்காரருக்கு மட்டும் தனியாக, தமிழில் எழுதினேன்: மன்னிக்கவும், ஒரு சந்தேகம், உங்கள் ஃபோல்டரில் பூந்தமல்லி என்று இருக்கிறதே, அது எந்தப் பூந்தமல்லி? உலகத்தில் எத்தனை பூந்தமல்லி இருக்கிறது என்று நினைத்து அப்படிக் கேட்டேனோ தெரியவில்லை.

சாதாரணமாக இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறவர் அன்றைக்குச் சாதம் வடிப்பதற்குள் பதில் போட்டார். தயைகூர்ந்து, தெரிவித்துக்கொள்கிறேன் எதுவும் இல்லை.

"அய்யோ, நீங்க தமிழா? பஸ் டெர்மினஸ் கீற பூந்தமல்லிதான். மெத்தைக்கடை மாடில உக்காந்துகினு கீறேன். நம்பர் குடுங்க."

நம்பர் கொடுத்தேன். போன் வந்தது. ஹலோ என்று ஒரு பெண் குரல். நானும் ஹலோ என்றேன். 

"நீங்க லேடிஸா?" என்றார் அவர்.

நான் கேட்க நினைத்ததும் அதையேதான்.

நானும் மெயிலில் பெயரைச் சுருக்கித்தான் போடுவேன், ஆனால் என் மெயில்களில் இந்திய நேரம் விழுவதால் நான் இந்தியாவில்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெங்களூரில் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருக்கிற, பெரிய மீசை வைத்த, யாரையும் மதிக்காத ஓர் ஆசாமி என்று நினைத்திருக்கிறார். அவருடைய லண்டன் நேரத்துக்குக் காரணம், முன்பு ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தபோது அங்கே எல்லா மெஷினையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள், அந்தப் பழக்கத்தில் தன் லேப்டாப்பையும் அப்படியே வைத்துவிட்டார். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, முழங்கால் ஆபரேஷன் ஆனபோது காலேஜை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தார். அத்தா எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும், இவர் கடையிலேயே நின்றுவிட்டார். மத்தியானத்தில் ஆள் வராத நேரத்தில் மாடியில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதுகிறார். கடை கம்ப்யூட்டரும் இவருடைய லேப்டாப்பும் ஒரே ஃபோல்டரைப் பங்குபோட்டுக்கொள்வதால்தான் அந்தப் பெயர்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்த ஒரு எடத்து பைப்பு. அத்த பத்தி நேர்ல பேசணும். மெயில்ல உனுக்கு புரிய வெக்க முடியாது" என்றார். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பட்டாபிராமில் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கிப் பூந்தமல்லி பஸ் பிடித்தேன். பருத்திப்பட்டு ஏரி தாண்டியபோது, சண்டை போடப் போகிறவள் மாதிரியும் இல்லாமல், விருந்துக்குப் போகிறவள் மாதிரியும் இல்லாமல் ஏதோ ஒரு படபடப்பு இருந்தது. கையில் லேப்டாப் பையும், வெறுங்கையோடு போகக்கூடாது என்று வாங்கிய பாதுஷா டப்பாவும்.

மெட்ரோ வேலைக்காகச் சாலையை மறைத்துத் தகரம் அடித்திருந்ததால் கடையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது. தகரத்துக்கும் கடை வரிசைக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. அந்தச் சந்தில் வாசல் வாசலாகப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, என் உயரத்துக்குமேல் ஒரு சாண் கூடுதலாக ஒரு பெண், தலை முக்காட்டில் இலவம் பஞ்சு ஒட்டியபடி எதிரே வந்து நின்று, என் லேப்டாப் பையைப் பார்த்தாள்.

"பைப் வேணாம்?" என்றாள்.

"லண்டன்?" என்றேன்.

அங்கேயே நின்று சிரித்தோம். வழிவிடச் சொல்லி ஒருவர் சைக்கிள் பெல் அடிக்கிற வரைக்கும்.

அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி அவரிடம் என்ன சொல்லி வைத்திருந்தாளோ, மிகவும் அக்கறையாக, பெங்களூரிலிருந்து எப்படி வந்தாய் என்று விசாரித்தார். பட்டாபிராம் என்றதும் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் பாதுஷாவை வாங்கிக்கொண்டார்.

மாடியில் நாற்காலி கிடையாது. சுவரோரமாக மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். இரண்டு மெத்தை மட்டும் போட்ட ஒரு தாழ்ந்த அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்தோம். அவளுடைய லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது. எப்போதும் ஒயர் மாட்டியபடியே இருக்க வேண்டும். மாட்டினாள். உடனே, ஒரு டீகூடக் குடிக்காமல், அந்த ஓர் இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஏழு வெர்ஷனாக இங்கிலீஷில் நடந்த அதே விவாதம்தான். ஆனால் இங்கிலீஷில் வாரக்கணக்கில் இழுத்தது தமிழில் ஒரு மூச்சில் முடிந்தது. முன்னால் ஓடுவது நம் டூலாக இருந்தால் பைப் கூடாது, அதை அவள் எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. இந்த இடத்தில் முன்னால் இருப்பது டூல் இல்லை. வரிகளை அகர வரிசையில் அடுக்குகிற சாதாரணக் கட்டளை.

"நம்ம டூலத்தான டெஸ்ட் பண்றோம்? இது வெறும் அடுக்கி குடுக்கற வேல. அதுவே சாவுதுன்னா மெஷினே பூட்ச்சுன்னு அர்த்தம். அப்புறம் இன்னாத்துக்கு டெஸ்ட்டு?"

டிஸ்க் நிரம்பினால் அதுவும் பாதியில் நிற்கலாம் என்றேன். டிஸ்க் நிரம்பினால் முதலில் உன் மெயில்தான் நிற்கும், உலகத்துக்கு அதனால் நன்மைதான் என்றாள். நான் குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். கீழேயிருந்து அத்தாவின் குரல் வந்தது.

"ஏம்மா, வந்த புள்ளையாண்ட இன்னாத்துக்கு சண்ட போட்டுகினு கீறே? இன்னா வோணுமாம் அதுக்கு? குட்த்து அனுப்பு."

"சண்ட இல்லத்தா, ரிவ்யூ" என்று கத்தினாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பிடிவாதம் நிற்கவில்லை. அவள் சொல்வது சரி என்று உண்மையில் ஐந்தாவது வெர்ஷனிலேயே எனக்குப் புரிந்திருந்தது. ஒப்புக்கொண்டேன். அவள் ஜெயித்த முகத்தோடு இருப்பாள் என்று பார்த்தால், டீயோடு கொண்டுவந்த பாதுஷாவில் பெரியதை என் பக்கம் தள்ளினாள்.

பிறகு உருப்படியான வேலை தொடங்கியது. ஃபெயில் ஆன டெஸ்ட்டை, டூல் எழுத்தைக் கொடுத்தாலும் எண்ணைக் கொடுத்தாலும் ஏமாறாதபடி திருத்தினோம். அது மட்டும் போதாது, இனி யாராவது இதே தப்பைச் செய்தால் உடனே பிடிக்கிற மாதிரி, தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டருக்குள்ளேயே ஓடுகிற ஒரு புது டெஸ்ட்டும் சேர்க்க வேண்டும் என்றாள். பெயர் என்ன வைப்பது? மத்தியானம் ஆகிவிட்டிருந்தது, இரண்டு பேருக்கும் பசி. 'கொத்து பரோட்டா' என்று வைத்தோம். எல்லா டெஸ்ட்களையும் ஒரு முறை முழுசாக ஓட விட்டோம். அது சாவகாசமாக ஓடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு குடும்பம் வந்தது. திருவேற்காட்டில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவந்த கணவன் மனைவி. மெத்தை அமுங்கிவிடுமா, ஒரு வருஷம் தாங்குமா என்று அந்தப் பெண் குடைந்து குடைந்து கேட்பது மாடிக்குக் கேட்டது. அத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர்களை மேலே கூட்டிவந்து, எங்களைக் கைகாட்டினார்.

"தோ பாருங்க. காலைல உக்காந்தவங்க, இன்னும் எந்திரிக்கல. அமுங்கிகீதான்னு நீங்களே பாருங்க."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மேலிருந்து கீழ்வரை அளந்தார். நான் ஒல்லி என்று யாரும் சொன்னதில்லை. அவருக்குத் திருப்தியாகிவிட்டது. இதையே கொடுங்கள் என்றார்.

எழுந்தால் லேப்டாப்பை நகர்த்த வேண்டும். ஒயர் அதற்குமேல் எட்டாது. கழற்றினால் மெஷின் அணைந்துவிடும், டெஸ்ட் முதலிலிருந்து. நிலைமையை அவள் வாடிக்கையாளரிடம் அப்படியே சொன்னாள். அவர்கள் நல்ல மனிதர்கள். பரவாயில்லை, முடியட்டும் என்று எதிர் அடுக்கில் உட்கார்ந்துகொண்டார்கள். கணவர் ஒரு பாதுஷாவை எடுத்துக்கொண்டார். மனைவி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தார். ஓகே, ஓகே, ஓகே என்று வரிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"எல்லாம் ஓகே ஓகேன்னே வருதே. அப்புறம் இன்னாத்துக்கு உக்காந்து பாக்கறீங்க?" என்று கேட்டார்.

ஓகே இல்லாதது ஒன்று வந்தால் தெரிய வேண்டும் அல்லவா என்றேன். அன்றைக்கு அப்படி எதுவும் வரவில்லை. கொத்து பரோட்டாவும் ஓகே. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், என் பழைய புத்தி விடவில்லை. ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்க்காமல் அதை நம்பக்கூடாது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. திருத்தத்தை எடுத்துவிட்டு, புது டெஸ்ட்டை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். அவள் கை அதற்குள் கீபோர்டுக்குப் போயிருந்தது. அவளும் அதையே நினைத்திருக்கிறாள்.

ஓட்டினோம். சிவப்பில் 'நாட் ஓகே' என்று வந்தது.

"பூட்ச்சா?" என்றார் அந்தப் பெண், பதறிப்போய்.

"பூட்ச்சு" என்றோம் இரண்டு பேரும் ஒன்றாக. அவள் என் தோளில் அடித்தாள், நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். காலையிலிருந்து உட்கார்ந்து செய்தது கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவர்களை அந்தத் தம்பதி அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்கள். கெட்டுப்போவதைக் காட்டிக்கொடுக்கத்தான் இது இருக்கிறது, காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவள் விளக்கினாள். அந்தக் கணவர் யோசித்துவிட்டு, தங்கள் ஃப்ளாட்டில் கேஸ் வாசனை வந்தால் கத்துகிற பெட்டி ஒன்று இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று தானும் லைட்டரை அதன் கிட்டே கொண்டுபோய், பற்றவைக்காமல் கேஸை மட்டும் திறந்து பார்த்ததாகச் சொன்னார். மனைவிக்கு அது அதுவரை தெரியாது போலிருக்கிறது. மெத்தையை இறக்குகிற வரைக்கும் அவர் அதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

வண்டியில் மெத்தையை ஏற்றிவிட்டு வந்து, எட்டாவது வெர்ஷனை அவள் பெயரில் அனுப்பினோம். ரிவ்யூ செய்தவர் என்று என் பெயர் கீழே.

அத்துடன் முடிந்துவிடவில்லை. குழுவில் ஒருவர், கொத்து பரோட்டா தன் மெஷினில் உடைகிறது என்று எழுதினார். கொ, ரோ மாதிரி எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒரே எழுத்தாகவோ அல்லது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று பிரித்தோ. சில மெஷின்கள் நாம் ஒரு விதமாகக் கொடுத்தால் இன்னொரு விதமாகத் திருப்பித் தரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, டெஸ்ட்டுக்குத் தெரியும். போனில் கூப்பிட்டு, கொம்பும் காலுமாகப் பிரியாத ஒரு சொல்லைத் தேடினோம். நான் இட்லி, வடை என்று சாப்பாட்டிலேயே நின்றேன். அவள், கண்ணெதிரே அடுக்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு ஏன் அலைகிறோம் என்றாள். 'மெத்தை' என்று வைத்தோம். எல்லா மெஷினிலும் ஓடியது.

பொறுப்பாளர் அதைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், யாரையும் புண்படுத்துகிற சொல் இல்லையே? இல்லை, படுக்கிற மெத்தை என்று அவள் முறைப்படி பதில் எழுதினாள். அன்றைக்கே சேர்த்துவிட்டார். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ அந்த டெஸ்ட்களை ஓட்டும்போதெல்லாம் ஒரு நொடி அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் முளைத்து மறைகிறது. அத்தாவிடம் சொன்னபோது, அப்படியானால் கடைப் பெயரையும் சேர்த்தே போட்டிருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது அவளும் ரிவ்யூ செய்கிறாள். முக்கியமாக, நான் எழுதுவதை. போன வாரம் நான் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பியிருந்தேன். துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தால், குழுவில் அவள் மெயில். மாற்றத்தின் நோக்கம் பாராட்டத்தக்கது, ஆயினும் மூன்றாவது பகுதியின் தேவை எனக்கு ஐயமாக இருக்கிறது, எழுதியவர் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"மெயில் பாத்தியா? கோச்சிக்காத. அந்த மூணாவது பார்ட்டு வேஸ்ட்டு, தூக்கிடு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. உன் ஊட்டுக்காரரையும் இட்டுகினு வா, அத்தா கேட்டுகினே கீறாரு."

கோபமெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறோம் என்றேன். போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து, ரிவ்யூ செய்தவரின் அக்கறைக்கு நன்றி, ஆனால் மூன்றாவது பகுதி அவசியமே என்று கருதுகிறேன், காரணம் கீழே கொடுத்திருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன்.